லான்சியா ஃபுல்வியா கூபே: எந்த வகையை வாங்குவது?

இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த லான்சியா நிறுவனம் 1965 முதல் 1976 வரை தயாரித்த இரண்டு கதவுக் காரான ஃபுல்வியா கூபே, ஐரோப்பியப் பழைய கார் சந்தையில் இன்றும் தேடினால் கிடைக்கிற வண்டிதான். ஏறத்தாழ 1,40,000 கார்கள் வெளிவந்தன. அவற்றில் பெரும்பகுதியைத் துரு தின்றுவிட்டாலும், வாங்க நினைப்பவரைக் குழப்புவதற்கு எஞ்சியிருப்பவையே போதும். ஒரே பெயரின் கீழ் மூன்று அளவு எஞ்சின்கள், நான்கு கியர் அல்லது ஐந்து கியர், தயாரிப்புக் காலவாரியாக முதல் வரிசை, இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை, போட்டிக்கென இளைக்க வைத்த எச்.எஃப். வகைகள், சகாடோ நிறுவனம் உடல் கட்டிய தனிவகை என்று பல வண்டிகள் ஒளிந்திருக்கின்றன. விலையும் அதற்கேற்ப மாறுகிறது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் பல மடங்கு வேறுபாடு உண்டு.

காரைக் கொட்டகையில் பூட்டி வைத்து விலை ஏறட்டும் என்று காத்திருப்பவருக்கு இந்த ஒப்பீடு பயன்படாது. ஐரோப்பாவில் வாழ்ந்து, விடுமுறை நாள்களில் மலைச்சாலைகளில் ஓட்டி, ஆண்டுக்கு ஓரிரு வரலாற்று ராலிகளிலும் (பழைய கார்களுக்கான சாலைப் போட்டிகள்) கலந்துகொள்ள விரும்புபவரை எண்ணியே எழுதுகிறேன். அவருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: ஃபுல்வியாவின் ராலிப் புகழைத் தேடித் தந்தது பெரும்பாலும் 1.6 எச்.எஃப். என்றாலும், அந்தப் புகழுக்கு அடிப்படையான குணங்கள் எல்லா ஃபுல்வியா கூபேக்களிலும் இருக்கின்றன. ஆகவே பெரும்பாலானவர்கள் வாங்க வேண்டியது இரண்டாம் வரிசையின் 1.3 எஸ். ஏன் அப்படி என்பதை, அந்த வண்டி எப்படிக் கட்டப்பட்டது, எந்தச் சாலைகளில் எதனால் வென்றது என்பதிலிருந்துதான் விளக்க முடியும்.

1963-ஆம் ஆண்டு ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான நான்கு கதவு ஃபுல்வியா பெர்லினாவிலிருந்து பிறந்தது இந்தக் கூபே. பெர்லினாவை உருவாக்கிய அந்தோனியோ ஃபெஸ்ஸியா முன்சக்கர இயக்கத்தில் அசையாத நம்பிக்கை கொண்டிருந்த பொறியாளர். எஞ்சினை வடிவமைத்தவர் எட்டோரே ஸாக்கோனே மினா. வி வடிவில் அமைந்த நான்கு சிலிண்டர்களின் இரு வரிசைகளுக்கும் இடையிலான கோணம் 13 பாகைக்கும் குறைவு. அதனால் இரு வரிசைகளுக்கும் சேர்த்து ஒரே அலுமினிய ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) போதுமானதாக இருந்தது. அந்த ஹெட்டின் மேல், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுகளான இரண்டு கேம்ஷாஃப்ட்டுகள் ஓடுகின்றன. வழக்கமான வி எஞ்சின்களில் ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனிக் கேம்ஷாஃப்ட் இருக்கும். இங்கோ ஒன்று நான்கு சிலிண்டர்களின் உள்வாங்கு வால்வுகளையும், மற்றொன்று அவற்றின் வெளியேற்று வால்வுகளையும் இயக்குகிறது. பானெட்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது, எஞ்சின் 45 பாகை சாய்ந்து ஒருக்களித்துப் படுத்திருக்கும் காட்சிதான். முகப்பைத் தாழ்த்துவதற்காகச் செய்த ஏற்பாடு அது.

எஞ்சின் முழுவதும் முன் அச்சுக்கும் முன்னால் நிற்கிறது. எஞ்சின், கியர்பெட்டி, முன் சஸ்பென்ஷன் ஆகிய அனைத்தையும் ஒரு தனி எஃகுச் சட்டம் தாங்க, அந்தச் சட்டம் உடலோடு போல்ட்டுகளால் பிணைக்கப்படுகிறது. முன் சஸ்பென்ஷனில் இரட்டைக் கைகளும் குறுக்காக ஓடும் ஒரு பட்டை வில்லும். பின்னால் பட்டை வில்களின் மேல் அமர்ந்த நேர் அச்சும், அது பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் கம்பியும். நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக்குகள். 1960-களின் நடுவில் இந்த அளவுக் காரில் அது அரிது. கூபேயின் உடலை லான்சியாவின் சொந்த வடிவமைப்பாளரான பியெரோ காஸ்தாஞ்ஞேரோ வரைந்தார். ரீவா நிறுவனத்தின் மரப்படகுகளைப் பார்த்து வரைந்தார் என்பார்கள். மெல்லிய தூண்களும் பெரிய கண்ணாடிகளும் கொண்ட அந்த அறையில் உட்கார்ந்து நாலாபுறமும் பார்த்தால் அதை நம்பத் தோன்றும். அச்சிடைத் தூரம் பெர்லினாவின் 2,480 மி.மீ.-யிலிருந்து 2,330 மி.மீ.-ஆகக் குறைக்கப்பட்டது.

இவை அனைத்தும் 80 குதிரைத்திறன் கொண்ட 1965-ஆம் ஆண்டின் 1.2 கூபேக்கும், ராலிகளை வென்ற 1.6-க்கும் பொது. முன்னால் குவிந்த எடை ஓட்டும் சக்கரங்களின் மேலேயே விழுவதால் பனியிலும் சேற்றிலும் டயர் பிடிமானம் இழப்பதில்லை. உடல் குறுகலாகவும் நீளம் குறைவாகவும் இருப்பதால் ஒற்றைத்தடச் சாலையில் இடம் மிச்சமாகிறது. கேடு என்று சொன்னால், வளைவில் மூக்கு வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். வடஐரோப்பிய ஓட்டுநர்கள் ஆக்சிலரேட்டரை விடாமலே இடக்காலால் பிரேக்கை அழுத்திப் பின்புறத்தைச் சுழற்றி இதைச் சமாளித்தார்கள். நாம் அதைச் செய்ய வேண்டியதில்லை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே நுழைந்த பின் சீராக ஆக்சிலரேட்டரை அழுத்தினால் போதும், கார் சொன்ன இடத்துக்குப் போகும்.

இனி ராலி வரலாறு. 1955-ஆம் ஆண்டு பணநெருக்கடியில் லான்சியா தன் கிராண்ட் பிரீ கார்களை ஃபெராரியிடம் ஒப்படைத்துவிட்டுப் பந்தயத்திலிருந்து விலகியது. அதன் பின் வந்த நிர்வாகத்துக்குப் பந்தயம் என்றாலே கசப்பு. ஆகவே லான்சியா மீண்டும் போட்டிக்கு வந்தது பின்வாசல் வழியாகத்தான்: நிறுவனத்தின் விசுவாசமான வாடிக்கையாளர்களுக்கென இருந்த ஹை ஃபிடெலிட்டி குழுவின் பெயரைச் சுருக்கி, 1963-இல் எச்.எஃப். ஸ்குவாத்ரா கோர்ஸே என்ற அணியை இளைஞர் செசாரே ஃபியோரியோ தொடங்கினார். ஓடும் சிவப்பு யானைகள் அதன் சின்னம். சுற்றுப்பாதைப் பந்தயத்துக்குக் காசு இல்லை. விற்பனைக் காரை வைத்தே ஓடக்கூடிய ராலிக்கு அவ்வளவு செலவில்லை. ஃபுல்வியா ராலிக் காரானதற்கு முதற்காரணம் இந்தச் சிக்கனமே.

1965-இல் கோர்சிகாத் தீவில் நடந்த டூர் டி கோர்ஸ் ராலியில் கூபே களம் இறங்கியது. மறு ஆண்டு வந்த முதல் எச்.எஃப். வகையில் கதவு, பானெட், டிக்கி மூடி ஆகியவை அலுமினியம், பக்கக் கண்ணாடிகள் பிளெக்ஸிகிளாஸ், பம்பர் இல்லை. எடை சுமார் 825 கிலோ, திறன் 88 குதிரைத்திறன். லியோ செல்லா 1966-இல் சான்ரேமோவில் நடந்த மலர்கள் ராலியை வென்றார். 1967-ஆம் ஆண்டு மான்டே கார்லோ ராலியில் ஓவே ஆண்டர்சன், ரௌனோ ஆல்டோனெனின் மினி கூப்பருக்கு வெறும் 13 வினாடிகள் பின்தங்கி இரண்டாமிடம் பெற்றார். அதே ஆண்டின் இறுதியில் சாண்ட்ரோ முனாரி 1.3 எச்.எஃப்.-இல் டூர் டி கோர்ஸை வென்றார். இந்தச் சாதனைகளில் எதிலும் 1.6 எஞ்சின் கிடையாது என்பதை வாங்குபவர் குறித்துக்கொள்ள வேண்டும். கோர்சிகாவில் முனாரிக்கு வழிகாட்டியாக உடனிருந்த லூச்சியானோ லொம்பார்தினி, இரண்டு மாதங்களில், 1968 மான்டே கார்லோவுக்குச் செல்லும் வழியில் யூகோஸ்லாவியாவில் நேர்ந்த விபத்தில் இறந்தார். முனாரி பலத்த காயங்களோடு பிழைத்தார்.

அடுத்து வந்ததுதான் 1.6. சிலிண்டர் விட்டம் 82 மி.மீ., ஸ்ட்ரோக் 75 மி.மீ. என்று புதிதாக வார்த்த 1,584 சி.சி. எஞ்சின், 115 குதிரைத்திறன், ஐந்து கியர்கள். உள்பக்க ஹெட்லைட்டுகள் இரண்டும் பெரியவை. அதனால் இத்தாலியர்கள் இதை ஃபனலோனே (பெருவிளக்கு) என்றே அழைக்கிறார்கள். ஸ்வீடன் நாட்டு ஹாரி கால்ஸ்ட்ரோம் 1969-இல் ஐரோப்பிய ராலிச் சாம்பியன் ஆனதோடு, பிரிட்டனின் காட்டுப் பாதைகளில் நடந்த ஆர்.ஏ.சி. ராலியை 1969, 1970 என அடுத்தடுத்து இருமுறை வென்றார். இதற்குள் லான்சியா கடனில் மூழ்கி, 1969-இல் ஃபியட்டின் கைக்குப் பெயரளவு விலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஃபுல்வியா பழசாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்த 1972-இல்தான் முனாரியும் மாரியோ மன்னுச்சியும் 14-ஆம் எண் காரில் மான்டே கார்லோவை வென்றார்கள். அந்த ஆண்டுப் பனியில் ஆல்பைன் ரெனோ ஏ110 கார்கள் கியர்பெட்டி தாளாமல் விழுந்தன. போர்ஷே 911-இல் வந்த ழெரார் லாரூஸ் இரண்டாமிடம். தொடர்ந்து சிமோ லாம்பினென் மொராக்கோவிலும், அமில்காரே பாலெஸ்த்ரியேரி சான்ரேமோவிலும் வென்றார்கள். உலக ராலிச் சாம்பியன்ஷிப் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டான 1972-இன் உற்பத்தியாளர் பட்டம் லான்சியாவுக்கு வந்தது.

திறனை மட்டும் வைத்துப் பார்த்தால் ஃபுல்வியா அந்தக் காலத்து போர்ஷேவையோ ஆல்பைனையோ வென்றிருக்க முடியாது. பனியும் இருட்டும் நீண்ட தூரமும் எதிராளியை உடைத்தபோது, உடையாமல் ஓடியதால் வென்றது. உலர்ந்த தாரில், நேர்ச்சாலையில் அது ஒருபோதும் அஞ்சத்தக்க கார் அன்று. இந்த வண்டியை வாங்குபவர் 25 குதிரைத்திறன் கூடுதலுக்காகப் பல மடங்கு விலை கொடுக்கும் முன் இதை நினைத்துப் பார்ப்பது நல்லது.

வகைகளுக்கு வருவோம். ஃபனலோனே சுமார் 1,250 மட்டுமே தயாரானது. ஓட்டுவதற்கு இதைவிடச் சிறந்த ஃபுல்வியா இல்லை என்பதை மறுப்பதற்கில்லை. சுமார் 850 கிலோ எடைக்கு 115 குதிரைத்திறன் என்பதோடு, அகன்ற 13 அங்குலச் சக்கரங்கள், அவற்றை மூட அகட்டிய சக்கர வளைவுகள், தரையோடு ஒட்டிய நிற்பு எல்லாம் சேர்ந்து, சாதாரண 1.3 எட்டிப்பிடிக்க முடியாத கூர்மையைத் தருகின்றன. ஆனால் இந்த வகையின் பெரிய சிக்கல் சாலையில் இல்லை, பத்திரத்தில் இருக்கிறது. 1.3 எஸ் ஒன்றின் உடலில் சக்கர வளைவுகளைப் பொருத்தி, பெரிய விளக்குகளை மாட்டி, எங்கிருந்தோ கிடைத்த 1.6 எஞ்சினை இறக்கி ஃபனலோனே என்று விற்பது கடினமான வேலையன்று. உதிரிகள் எல்லாம் கழற்றி மாட்டக்கூடியவை. உண்மையான ஃபனலோனேயின் உடல் எண் 818.540 என்று தொடங்க வேண்டும். எஞ்சின் எண்ணும் அவ்வாறே. எண் பொறித்த தகட்டைச் சுற்றிப் புது வெல்டிங் தெரிந்தாலோ, பெயின்ட் மட்டும் அந்த இடத்தில் தடித்திருந்தாலோ அத்தோடு திரும்பிவிடலாம். டூரினில் இயங்கும் உற்பத்தியாளரின் ஹெரிட்டேஜ் பிரிவு, எண்ணைச் சரிபார்த்துப் பிறப்புச் சான்று தருகிறது. அது கையில் இல்லாமல் இந்த வகைக்கு முன்பணம் கொடுப்பது ஆழம் தெரியாமல் காலை விடுவதாகும்.

போலி என்று தெரிந்தே, போலியின் விலைக்கு விற்கப்படும் கார்கள் வேறு கதை. நன்றாகச் செய்த அத்தகைய வண்டியில் தவறொன்றும் இல்லை. ஓட்டும் இன்பம் ஏறத்தாழ அதுவே. ஆனால் பதிவுப் பத்திரத்தில் 1.3 என்றும் பானெட்டுக்குள் 1.6 என்றும் இருக்கும் கார், வாகனச் சோதனை கடுமையாக உள்ள நாடுகளில் ஆண்டுக்கணக்கில் தலைவலியாகலாம். வாங்கும் முன் அந்த மாற்றம் அங்கீகரிக்கப்பட்டுப் பத்திரத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஃபனலோனேக்கும் 1.3-க்கும் நடுவில் நிற்பது 1970-க்குப் பின் வந்த இரண்டாம் வரிசை 1600 எச்.எஃப்., பேச்சுவழக்கில் லுஸ்ஸோ. உடல் எண் 818.740, சுமார் 3,700 கார்கள். அதே 115 குதிரைத்திறன் எஞ்சின், அதே ஐந்து கியர், அகட்டிய சக்கர வளைவுகள், ஆனால் உள்ளே ஒழுங்கான இருக்கைகளும் பூச்சுவேலைகளும். சேகரிப்பாளர்கள் ஃபனலோனேயின் பின்னாலேயே ஓடுவதால் இதன் மதிப்பு நியாயத்துக்குக் குறைவாகவே இருந்துவருகிறது என்பது என் எண்ணம். எடை சற்றுக் கூடுதல்தான். ஆனால் பொழுது முழுவதும் உட்கார்ந்து ஓட்டுபவருக்கு அந்த எடை வீண்போவதில்லை; வெற்றுத் தகரமாக இருக்கும் ஃபனலோனேக்குள் மூன்று மணி நேரம் இருந்து வந்தவரின் காதுகள் இதற்குச் சாட்சி சொல்லும். 1.6 என்றே மனம் முடிவு செய்துவிட்டால், லுஸ்ஸோவைத் தேடுங்கள்.

1.2 எச்.எஃப். 435-உம், 1.3 எச்.எஃப். 882-உம் மட்டுமே வெளிவந்தன. அவற்றின் அலுமினியக் கதவொன்று நசுங்கினால் மாற்றுக் கதவு எளிதில் கிடைக்காது. அருங்காட்சியகத்துக்கும் தேர்ந்த சேகரிப்பாளருக்கும் உரியவை அவை. இந்தக் கட்டுரையின் வாசகருக்கு அல்ல.

இரண்டாம் வரிசை 1.3 எஸ், உடல் எண் 818.630. எஞ்சின் 1,298 சி.சி., 90 குதிரைத்திறன். ஐந்து கியர் இதில் இயல்பாகவே வருகிறது. நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது எஞ்சின் கத்தாமல் இருப்பதற்கு இந்த ஐந்தாவது கியரே காரணம். பிரேக்குகள் பழைய டன்லப் அமைப்புக்குப் பதிலாகக் கிர்லிங். மிதி அழுத்தமும் நிறுத்தமும் மேம்பட்டவை, பாகங்களும் எளிதில் கிடைக்கின்றன. ஃபியட்டின் கணக்காளர்கள் சிக்கனம் பார்த்த வரிசை இது என்று பழைய லான்சியா அன்பர்கள் முகம் சுளிப்பார்கள். பளபளப்புப் பட்டிகளிலும் உள்வேலைப்பாட்டிலும் அந்தக் குறை உண்மைதான். எஞ்சினிலும் சஸ்பென்ஷனிலும் ஃபியட் கை வைக்கவில்லை. 1.6-இன் இழுவை இதில் கிடையாது. ஏற்றத்தில் கியரை மாற்றி மாற்றி, எஞ்சினை நிமிடத்துக்கு 4,000 சுற்றுகளுக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும். அப்படி வைத்திருந்தால் அந்தச் சிறிய வி-4 எழுப்பும் கரகரத்த, ஒழுங்கற்ற உறுமல் ஒன்றே கொடுத்த காசுக்குத் தகும்.

முதல் வரிசையின் ராலி 1.3 (87 குதிரைத்திறன்), ராலி 1.3 எஸ் (92 குதிரைத்திறன்) ஆகியவை அழகில் ஒரு படி மேல். உள்ளே நுணுக்கமும் கைவேலையும் கூடுதல். நான்கு கியர்கள் மட்டுமே என்பது மலைப்பாதையில் குறையாகத் தோன்றாது. போகவரும் நெடுஞ்சாலையில் தோன்றும். வீட்டிலிருந்து மலை பக்கத்தில் இருப்பவர்கள் முதல் வரிசையையே வாங்கலாம் என்பேன். காரின் தோற்றத்துக்காகவே வாங்குபவர்களும் அப்படியே.

மான்டே கார்லோ வெற்றிக்குப் பின் அதைக் கொண்டாடி, கறுப்புப் பானெட்டும் கறுப்பு டிக்கி மூடியும் அகட்டிய வளைவுகளுமாக மான்டேகார்லோ பதிப்பும், பிறகு 1974 முதல் சஃபாரி பதிப்பும் வந்தன. முனாரியின் காரைப் போன்ற தோற்றம், 1.3 எஸ்-இன் இயக்கம். தோற்றத்துக்கு மேல்விலை கொடுக்கத் தயார் என்றால் நல்ல தேர்வுதான். ஆனால் சாதாரண 1.3 எஸ் ஒன்றைக் கறுப்புப் பெயின்ட் அடித்து இப்படி மாற்றிய வண்டிகளும் ஊரெங்கும் உண்டு, அவற்றுக்கு மேல்விலை தேவையில்லை.

சகாடோ உடல் கொண்ட ஃபுல்வியா ஸ்போர்ட்டை எர்கோலே ஸ்பாதா வரைந்தார். சுமார் 7,100 கார்கள். பானெட் முன்னாலோ பின்னாலோ அல்லாமல் பக்கவாட்டில், புத்தகத்தின் அட்டையைப் புரட்டுவதுபோல் திறக்கும். பின் கண்ணாடிக் கதவை உள்ளிருந்தே மின்மோட்டாரால் ஒரு விரற்கடை தூக்கிக் காற்று வர வைக்கலாம். காற்றைக் கிழிக்கும் உடல் என்பதால் நீண்டதூரச் சுற்றுப்பாதைப் பந்தயங்களில் இதன் பங்கு உண்டு. ராலி வரலாற்றில் இதற்குப் பெரிய இடமில்லை. தொடக்கக் கால உடல்கள் அலுமினியம், பிற்காலத்தவை எஃகு. எதுவாயினும் உடலின் பாகங்கள் சாதாரணக் கூபேயோடு பொருந்தாது, ஒரு கண்ணாடி உடைந்தாலும் மாதக்கணக்கில் தேட வேண்டியிருக்கும். இந்த வடிவத்தின் மீது காதல் கொண்டவரிடம் வாதிட்டுப் பயனில்லை. காதல் இல்லாதவர் வாங்க வேண்டிய காரணமும் இல்லை.

போட்டியில் கலந்துகொள்ள எந்த வகை பொருந்தும் என்பது, எந்தப் போட்டி என்பதைப் பொறுத்தது. இத்தாலியின் மில்லே மிலியா வரலாற்று ஓட்டம், 1957-ஆம் ஆண்டு வரை அதே பெயரில் நடந்த பந்தயத்தின் கார்களுக்கே உரியதால், அதில் ஃபுல்வியாவுக்கு இடமில்லை. இதைக் கேட்டு ஏமாந்தவர்கள் பலர். மொனாக்கோ ஆட்டோமொபைல் கிளப் 1998 முதல் நடத்தும் மான்டே கார்லோ ஹிஸ்டோரிக்கில் தாராளமாக இடம் உண்டு. ஆனால் அதுவும் ஐரோப்பாவின் பெரும்பாலான வரலாற்று ராலிகளும் வேகப் போட்டிகள் அல்ல. ரெகுலாரிட்டி என்னும் ஒழுங்கு ஓட்டங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் சராசரி என்று முன்பே தரப்படும். அதைவிட முந்தினாலும் பிந்தினாலும் தண்டப் புள்ளி. சராசரி மணிக்கு 50 கி.மீ.-க்குள்ளேயே அமைவதால், அங்கே தேவைப்படுவது 115 குதிரைத்திறன் அல்ல; சரியான தூரமானியும், பதற்றமில்லாத வழிகாட்டியும், பனியில் பிடிமானம் விடாத முன்சக்கரங்களும்தான். பனி மூடிய ஒரு கணவாயில் அந்தச் சராசரியைக் காப்பதே பெரும்பாடு என்பதையும், அந்த வேலைக்கு 1.3 எஸ் எவ்வளவு பொருத்தம் என்பதையும் ஒருமுறை கலந்துகொண்டால் உணரலாம். 1.3 இங்கே ஏழை வீட்டுப் பிள்ளை அன்று.

உண்மையிலேயே கடிகாரத்துக்கு எதிராக, மூடிய சாலையில் ஓடும் வரலாற்று வேக ராலி வேறு உலகம். அதற்கு உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்.ஐ.ஏ. வழங்கும் தொழில்நுட்பப் பாஸ்போர்ட் வேண்டும், கார் கவிழ்ந்தால் காக்கும் உள்கூண்டு வேண்டும், அந்த வகைக் காருக்கு அக்காலத்தில் ஒப்புதல் பெற்ற பாகங்கள் மட்டுமே இருக்க வேண்டும். அங்கே 1.6 எச்.எஃப். தன் உண்மையான பெறுமதியைக் காட்டும். இருந்தும், 1,298 சி.சி. கார் 1,300 சி.சி. வகுப்புக்குள் தன் நிகரானவர்களோடு மட்டுமே மோதலாம் என்பதால், செலவைப் பார்ப்பவர் அங்கும் 1.3-இலிருந்து தொடங்குவது அறிவுடைமை. ஏற்கெனவே போட்டிக்கெனத் தயாரான, பாஸ்போர்ட்டுடன் உள்ள வண்டி வாங்குவது, தெருக்கார் ஒன்றை வாங்கித் தயார்செய்வதைவிட ஏறத்தாழ எப்போதும் மலிவு.

வேறு கார் பார்க்கக் கூடாதா என்று கேட்கலாம். ஆல்ஃபா ரோமியோ ஜி.டி. ஜூனியர் உலர்ந்த சாலையில் இதைவிடக் களிப்பூட்டும், உதிரிபாகங்களும் தட்டுப்பாடில்லை. பனியிலே அதன் பின்சக்கர இயக்கம் கைதேர்ந்த ஓட்டுநரைக் கேட்கும். ஃபுல்வியாவுக்குப் பின் லான்சியா களம் இறக்கிய ஸ்ட்ராத்தோஸ், 500-க்கும் குறைவாகத் தயாராகி 1974, 1975, 1976 என மூன்று உலகப் பட்டங்களை வென்ற கார். அதன் விலையைப் பற்றிப் பேசுவதே நேரவிரயம்.

எந்த வகையாயினும் வாங்கும் நாளில் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றே: முன் சட்டம் உடலோடு இணையும் இடங்கள். காரை லிஃப்ட்டில் ஏற்றச் சொல்லி, கையில் டார்ச்சும் சிறு திருப்புளியும் எடுத்துக்கொண்டு, சட்டத்தின் பின்பக்கப் போல்ட்டுகள் உடலைப் பிடிக்கும் இடத்தைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே துரு தின்ற தகரம் மந்தமாக ஒலிப்பதோடு, அழுத்தினால் திருப்புளி முனை இறங்கிவிடும். மேலே தார்ப்பூச்சு புதிதாக அடித்திருந்தால் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும். அடுத்து கதவுக்குக் கீழுள்ள பக்கப் பெட்டிகள், தரைத் தகடு, பின்வில் தொங்கும் இடங்கள். இந்த இடங்களைச் சரியாக வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைப்பது சட்டத்தை எஞ்சினோடு இறக்கிச் செய்ய வேண்டிய டிங்கர் வேலை. அந்தக் கூலி பல வேளைகளில் 1.3 எஸ் ஒன்றின் விலையையே தொட்டுவிடும். ஆகவே பளபளக்கும் பெயின்ட்டோடு அடியில் துருப்பிடித்த ஃபனலோனேயைவிட, பெயின்ட் மங்கி அடி திடமாக உள்ள 1.3 எஸ் எத்தனையோ மேல்.

எஞ்சின் அவ்வளவு பயமுறுத்தாது. குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். நாம் போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். டைமிங் செயின் சற்று நேரம் சலசலத்து அடங்கினால் பாதகமில்லை, அடங்காவிட்டால் செலவு. இரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட் என்பதால், ஆண்டுக்கணக்கில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில் ஹெட்டின் நீர்வழிகள் அரித்திருக்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்ததும் செம்பழுப்பு நிறத்தில் கலங்கலாகத் தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். சோலெக்ஸ் கார்புரேட்டர்களைச் சரிசெய்யத் தெரிந்தவர் அருகில் இருக்கிறாரா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். இந்த எஞ்சினின் குறுகிய வி வடிவைப் பார்த்துத் தயங்கும் பட்டறைகள் உண்டு. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் லான்சியாவையே தொழிலாகக் கொண்ட மெக்கானிக்குகளும் உண்டு. 1.3-க்கான உதிரிபாகங்கள், எண்ணிக்கையில் அதிகம் விற்ற வகை என்பதாலேயே, எளிதில் கிடைக்கின்றன, 1.6-க்கே உரிய பிஸ்டன், ஹெட், கியர்பெட்டிப் பாகங்கள் அரிதாகவும் அதற்கேற்ற விலையிலும் கிடைக்கின்றன.

தேடத் தொடங்குபவர் இத்தாலியின் தெற்கிலும், சாலைக்கு உப்புத் தூவாத பிற வெப்ப நாடுகளிலும் வாழ்ந்த இரண்டாம் வரிசை 1.3 எஸ்-ஐ முதலில் பார்க்கட்டும். ஓராண்டு தேடியும் அடித்தகடு திடமான ஒன்று அமையாவிட்டால், பணம் இடம்கொடுக்கும் பட்சத்தில் லுஸ்ஸோவுக்கு ஏறலாம். இடம்கொடுக்காவிட்டால் முதல் வரிசை ராலி 1.3-க்கு இறங்கி, ஐந்தாவது கியரை மட்டும் விட்டுக்கொடுக்கலாம். விட்டுக்கொடுக்கக் கூடாதது அந்த முன் சட்டத்தின் பிணைப்பு இடங்கள் மட்டுமே.